ஷகீராவும் ‘கிராஸ்ஓவரும்’: ஒரு பாட்டு எல்லை தாண்டுவது எப்படி?

2010-ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில் உலகக் கோப்பைக் கால்பந்து நடந்தபோது ‘வாக்கா வாக்கா’ பாட்டு நம் காதிலும் விழாமல் போகவில்லை. பாடியவரின் பெயர் ஷகீரா என்பதும் பலருக்குத் தெரியும். அவர் யார் என்று கேட்டால்தான் குழப்பம் தொடங்கும். ‘அமெரிக்கப் பாடகி’ என்பார் ஒருவர். கொஞ்சம் விவரம் அறிந்தவரோ, ‘இல்லை, கொலம்பியாக்காரர். ஆங்கிலத்தில் பாட வந்த பிறகுதான் பெரிய ஆள் ஆனார்’ என்பார்.

முதல் பதில் வெறும் அறியாமை, அதைத் திருத்திவிடலாம். இரண்டாவது பதில்தான் என்னை அதிகம் உறுத்துகிறது. ஷகீராவின் முதல் ஆங்கில இசைத்தொகுப்பு 2001 நவம்பரில் வந்தது. அப்போது அவருக்கு வயது 24. அதற்குள் பத்து ஆண்டுகள் தொழிலில் இருந்துவிட்டார். ஸ்பானிய மொழியில் நான்கு தொகுப்புகளைப் பதிவு செய்திருந்தார், ஒரு கிராமி விருதும் வாங்கியிருந்தார். ‘கிராஸ்ஓவர்’ என்ற ஒற்றைச் சொல்லை நாம் தவறாகப் புரிந்துகொண்டதால், அந்தப் பத்து ஆண்டுகளும் கணக்கிலிருந்து விடுபட்டுப் போகின்றன.

அந்தச் சொல்லுக்கு என்ன பொருள், அது எப்படி நடக்கிறது என்பதை ஷகீராவின் வாழ்க்கையை வைத்தே விளக்கப் பார்க்கிறேன். மேற்கத்திய இசை பற்றி எதுவும் தெரியாதவரும் தொடர்ந்து படிக்கலாம்.

‘லத்தீன்’ என்பது இங்கே எது?

முதல் தடுக்கலை முதலிலேயே அகற்றிவிடுவோம். லத்தீன் பாப் என்பதற்கும் பழைய ரோமாபுரியின் லத்தீன் மொழிக்கும் நேரடித் தொடர்பு இல்லை. மெக்சிகோவிலிருந்து அர்ஜென்டினா வரை ஸ்பானிய மொழியும் போர்த்துகீசிய மொழியும் பேசும் நாடுகளை லத்தீன் அமெரிக்கா என்கிறோம் அல்லவா, அந்த ‘லத்தீன்’தான் இது. ஸ்பானிய உலகத்தில் பிறந்து, வானொலிக்கு ஏற்ற மூன்று நான்கு நிமிட வடிவில் வரும் வெகுஜனப் பாட்டுக்கு லத்தீன் பாப் என்று பெயர்.

இந்தப் பெயரைச் சூட்டியது பெரும்பாலும் அமெரிக்க வணிகம். கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவில் இருப்பவருக்கு அது வெறும் பாட்டுதான். ‘லத்தீன்’ என்ற சீட்டு, பெட்டி நியூயார்க் போய்ச் சேரும்போது ஒட்டப்படுகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கணக்கு நோட்டும் தண்டவாளமும்

ஒரு பெரிய சந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். வாரம்தோறும் ஒருவர் நோட்டோடு வருகிறார். எந்தச் சரக்கு எவ்வளவு போனது என்று கடை கடையாகக் கேட்டு எழுதுகிறார். வார இறுதியில் அதிகம் போன சரக்கை மேலே வைத்து வரிசைப்படுத்தி ஒட்டுகிறார். பாட்டுக்கு இதைச் செய்வதற்குத் தரவரிசைப் பட்டியல் என்று பெயர். அமெரிக்காவில் பில்போர்ட் என்ற பத்திரிகை இதைச் செய்கிறது. அதன் முதன்மைப் பட்டியலான ‘ஹாட் 100’ 1958 ஆகஸ்டில் தொடங்கியது.

பில்போர்டிடம் இருப்பது ஒரே நோட்டு இல்லை. கறுப்பின மக்களின் இசைக்கு ஒன்று, கிராமிய வெள்ளையர் இசைக்கு ஒன்று என்று பல நோட்டுகள். 1949 வரை கறுப்பினப் பாடகர்களின் பட்டியலுக்கு ‘இன இசைத்தட்டுகள்’ என்றே பெயர் இருந்தது. அதன் பிறகுதான் ‘ரிதம் அண்ட் ப்ளூஸ்’ என்று மாற்றினார்கள். ஸ்பானியப் பாடல்களுக்கான தனிப் பட்டியல் 1986-இல் வந்தது.

இனி வரையறை. ஒரு பட்டியலில் பிறந்த பாட்டோ பாடகரோ மற்றொரு பட்டியலிலும் இடம் பிடிப்பதுதான் கிராஸ்ஓவர். அவ்வளவுதான். இந்தச் சொல் முதலில் புழங்கியதும் ஸ்பானியப் பாடகர்களைப் பற்றி அல்ல. கறுப்பினப் பாடகரின் இசைத்தட்டு வெள்ளையர் வாங்கும் பொதுப் பட்டியலுக்குள் நுழையும்போதுதான் அப்படிச் சொன்னார்கள். ஆகவே வரையறையில் மொழி என்ற பேச்சே கிடையாது.

நம் ஊரில் மீட்டர் கேஜ் பாதையும் அகலப் பாதையும் அருகருகே ஓடிய காலம் பலருக்கு நினைவிருக்கும். சந்திப்பு நிலையத்தில் ஒரு பாதை முடியும். மூட்டையை இறக்கி, மேம்பாலம் ஏறி, அடுத்த நடைமேடையில் நிற்கும் வேறு அளவு ரயிலில் ஏற்ற வேண்டும். மூட்டைக்குள் இருக்கும் அரிசி அதே அரிசிதான். ஆனால் மாற்றி ஏற்ற ஆள் வேண்டும், கூலி வேண்டும், நேரம் வேண்டும். கிராஸ்ஓவர் என்பது அந்த நடைமேடை மாற்றம். அதை யார் செய்கிறார்கள், எதற்காகச் செய்ய வேண்டியிருக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

சுவரைக் கட்டியது யார்?

ஸ்பானியப் பாட்டை ஆங்கிலம் பேசுபவர்கள் விரும்பவில்லை, அதனால்தான் பட்டியல்கள் தனித்தனியாக இருந்தன என்று பொதுவாகச் சொல்வார்கள். இது முழு உண்மை ஆகாது. 1996-இல் ‘மக்கரேனா’ என்ற பாட்டு ஸ்பானியப் பல்லவியோடு 14 வாரங்கள் ஹாட் 100-இன் உச்சியில் இருந்தது. கேட்டவர்களில் பாதி பேருக்கு அந்தப் பல்லவியில் ஒரு சொல்லும் புரிந்திருக்காது. கேட்பவரின் காது திறந்தேதான் இருந்தது. அடைத்திருந்தது காதுக்கு வரும் வழி.

அமெரிக்காவின் இசை வானொலி நிலையங்களில் பெரும்பாலானவை ஒரே வகை இசையை மட்டும் ஒலிபரப்பும். இதற்கு வானொலி வகைமை என்று பெயர். காலையில் இட்லியும் பொங்கலும் மட்டும் போடும் கடையில் பிரியாணி கேட்டால் கிடைக்காது. கடைக்காரருக்குப் பிரியாணி மீது வெறுப்பு எதுவும் இல்லை. இட்லிக்கு வரும் கூட்டத்தை நம்பி அவர் கடை நடக்கிறது. வானொலிக்கும் அப்படித்தான். ‘என் நிலையத்தை இன்ன வயதுக்காரர், இன்ன மொழிக்காரர் கேட்கிறார்கள்’ என்று விளம்பரதாரரிடம் சொல்லித்தான் நேரத்தை விற்க முடியும். நடுவில் வேறு மொழிப் பாட்டு வந்து, கேட்பவர் நிலையத்தை மாற்றிவிட்டால் நஷ்டம். ஆகவே ஸ்பானியப் பாட்டு ஸ்பானிய நிலையத்தில், ஆங்கிலப் பாட்டு ஆங்கில நிலையத்தில்.

கடை விற்பனையோடு இந்த நிலையங்களின் ஒலிபரப்பையும் கேட்டுத்தான் ஹாட் 100 எழுதப்பட்டது. ஆங்கில நிலையங்களைக் கேட்போர் தொகை மிகப் பெரிது. அவை தொடாத பாட்டு ஹாட் 100-இல் மேலே ஏறுவது அன்று மிக அரிது. இசை நிறுவனங்களும் இதே அச்சில் பிரிந்திருந்தன. லத்தீன் பிரிவு தனி, ஆங்கிலப் பிரிவு தனி, இரண்டுக்கும் வரவுசெலவுக் கணக்கும் தனி. இசைத்தட்டுக் கடையிலும் லத்தீன் அலமாரி வேறாக இருந்தது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிக்கொள்வோம். தரவரிசைப் பட்டியல் என்பது வாரக் கணக்கு. பட்டியல்கள் பல. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாட்டு போவது கிராஸ்ஓவர். இடையில் நிற்பது வானொலி வகைமை, நிறுவனப் பிரிவு, கடை அலமாரி ஆகிய மூன்று.

‘ஆங்கிலத்தில் பாடினால் கிராஸ்ஓவர்’

இதுதான் மிகப் பரவலான தவறு. இரண்டு பேரைக் காட்டினால் போதும்.

ரிட்சி வேலன்ஸ் கலிபோர்னியாவில் பிறந்த மெக்சிகோ வம்சாவளி இளைஞர். இயற்பெயர் ரிச்சர்ட் வலன்சுவேலா. பெயரைச் சுருக்கியது அவருடைய மேலாளர். வீட்டில் ஆங்கிலம் பேசி வளர்ந்தவர், ஸ்பானிய மொழியைச் சரளமாகப் பேசத் தெரியாது. 1958-இல் ‘லா பாம்பா’ என்ற மெக்சிகோ நாட்டுப்பாடலை ராக் தாளத்தில் ஸ்பானிய மொழியிலேயே பாடினார். அது பொதுப் பட்டியலில் 22-ஆம் இடம் வரை ஏறியது. ஆங்கிலம் பேசும் ஒருவர் ஸ்பானிய மொழியில் பாடி எல்லை தாண்டியிருக்கிறார்! 1959 பிப்ரவரி 3 அன்று விமான விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 17.

மற்றவர் செலினா. டெக்சாஸில் பிறந்து, அங்கேயே ஆங்கிலம் பேசி வளர்ந்தவர். மெக்சிகோ எல்லைப்பகுதியின் தெஹானோ இசைக்கு ராணி என்று கொண்டாடப்பட்டார். தொடக்க காலத்தில் ஸ்பானிய வரிகளை ஒலியை வைத்து மனப்பாடம் செய்துதான் பாடினார். அவர் ஆங்கிலத் தொகுப்புக்குத் தயாரானபோது பத்திரிகைகள் அதைக் கிராஸ்ஓவர் என்றன. அவருக்கோ அது தன் முதல் மொழிக்குத் திரும்புவது. 1995 மார்ச் 31 அன்று அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு 23 வயது. முடியாமல் நின்ற அந்தத் தொகுப்பு ஜூலையில் வெளியாகி, முதல் வாரத்திலேயே அமெரிக்கத் தொகுப்புப் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தது. அதில் ஏறக்குறைய பாதி ஸ்பானியப் பாடல்கள். அந்தப் பெண் அதைப் பார்க்க இருந்திருக்கக் கூடாதா என்று ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றும்.

ஆகவே, பாடகரின் மொழியும் பாட்டின் மொழியும் எப்படியும் இருக்கலாம். நாம் பார்க்க வேண்டியது பாட்டு எந்த நடைமேடையில் இறங்கி எந்த நடைமேடையில் ஏறியது என்பதை.

பரான்கீயாவில் ஒரு சிறுமி

இனி ஷகீரா. 1977 பிப்ரவரி 2 அன்று கொலம்பியாவின் கரீபியக் கடற்கரை நகரமான பரான்கீயாவில் பிறந்தார். முழுப்பெயர் ஷகீரா இசபெல் மெபாரக் ரிப்போல். ஷகீரா என்பது அரபுச் சொல், ‘நன்றியுள்ளவள்’ என்று பொருள். தந்தை வில்லியம் மெபாரக் லெபனான் வம்சாவளி. தாய் நிதியா ரிப்போல் கொலம்பியர், அவருடைய வேர் ஸ்பெயினில்.

பரான்கீயா துறைமுக ஊர். லெபனானிலிருந்தும் சிரியாவிலிருந்தும் கப்பலேறியவர்கள் அங்கே இறங்கிக் கடை வைத்தார்கள். ஆப்பிரிக்கர்களின் தாளமும் பழங்குடியினரின் குழலும் ஸ்பானியக் கவிதையும் அந்த ஊரின் திருவிழாவில் ஒரே தெருவில் நடக்கும். ஷகீராவுக்கு நான்கு வயது இருக்கும்போது தந்தை அவரை ஓர் அரபு உணவகத்துக்கு அழைத்துப் போனார். அங்கே தும்பெக் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அது கையால் தட்டும் குடுவை வடிவத் தோல்வாத்தியம். அந்தச் சத்தம் கேட்டதும் குழந்தை மேசை மேல் ஏறி ஆடத் தொடங்கிவிட்டது. பின்னாளில் உலகமே பார்த்த அந்த இடுப்பசைவு ஏதோ நடன இயக்குநர் சந்தைக்காகக் கற்றுக்கொடுத்தது என்று நினைப்பவர்களுக்கு இந்த மேசையைத்தான் காட்ட வேண்டும்.

பள்ளியில் பாடகர் குழுவில் சேரப் போனார். சேர்த்துக்கொள்ளவில்லை. நீட்டிப் பிடிக்கும் சுரத்தில் குரல் மெலிதாக அதிர்ந்துகொண்டே இருப்பதை விப்ராட்டோ என்பார்கள். அவர் குரலில் அந்த அதிர்வு அதிகம். ஆடு கத்துவதுபோல் இருக்கிறது என்று வகுப்பில் கேலி செய்தார்கள். இன்று வானொலியில் இரண்டு சொல் கேட்டதும் ‘இது ஷகீரா’ என்று கண்டுபிடிக்க முடிகிறதே, அந்த அதிர்வை வைத்துத்தான்.

அவருக்கு எட்டு வயது ஆகும்போது தந்தையின் வியாபாரம் நொடித்தது. வீட்டுச் சாமான்கள் விற்கப்பட்டன. தன் நிலையை நொந்துகொண்ட மகளைப் பெற்றோர் ஒரு பூங்காவுக்கு அழைத்துப் போய், அங்கே பசை முகர்ந்து கிடந்த தெருச் சிறுவர்களைக் காட்டினார்கள். 1990-களின் இறுதியில் அவர் தொடங்கிய கல்வி அறக்கட்டளைக்கு ‘வெறுங்கால்கள்’ என்று பெயர் வைத்தது அந்தக் காட்சியின் நினைவில்தான். முதல் பாட்டை எழுதியதும் அந்த வயதில்தான். அது தந்தையின் கறுப்புக் கண்ணாடியைப் பற்றிய பாட்டு. விபத்தில் மகனை இழந்த துக்கத்தை மறைக்க அவர் அணிந்த கண்ணாடி அது.

இரண்டு தோல்வி, இரண்டு வெற்றி

13 வயதில் சோனி நிறுவனத்தின் கொலம்பியக் கிளை அவரை ஒப்பந்தம் செய்தது. 1991-இல் முதல் தொகுப்பு, 1993-இல் இரண்டாவது. இரண்டும் விற்கவில்லை. தயாரிப்பாளர்கள் சொன்னபடி பாடிய பாடல்கள் அவை. பின்னாளில் பேர் பெற்ற பிறகும் அவற்றை மறுவெளியீடு செய்ய அவர் விரும்பவில்லை.

மூன்றாவது தொகுப்பில் பிடிவாதமாகத் தன் வழியில் போனார். 1995-இல் வந்த ‘பியேஸ் தெஸ்கால்ஸோஸ்’, அதாவது ‘வெறுங்கால்கள்’, கிதாரைத் தோளில் மாட்டிய கருங்கூந்தல் பெண்ணை ஸ்பானிய உலகம் முழுவதற்கும் அறிமுகம் செய்தது. அடுத்துப் பிரேசில். அங்கே மொழி போர்த்துகீசியம். அதைக் கற்றுக்கொண்டு, தன் பாடல்கள் சிலவற்றைப் போர்த்துகீசிய மொழியில் மறுபடி பாடி 1997-இல் வெளியிட்டார். அதாவது ஷகீராவின் முதல் மொழித் தாண்டல் ஆங்கிலத்துக்கு நான்கு ஆண்டுகள் முந்தியது. யாரும் அதைக் கிராஸ்ஓவர் என்று எழுதவில்லை. அமெரிக்கப் பட்டியலைத் தொடாத எந்தப் பயணமும் இந்தச் சொல்லுக்குள் வராது. இந்தக் குறையைச் சொல்லாமல் இந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்பது என் கருத்து.

நான்காவது தொகுப்புக்கான வரிகள் எழுதிய தாள்கள் ஒரு பெட்டியில் இருந்தன. பொகோட்டா விமான நிலையத்தில் பெட்டி திருடு போனது. எல்லாவற்றையும் மறுபடி எழுதினார். 1998-இல் வந்த தொகுப்புக்கு ‘திருடர்கள் எங்கே?’ என்று பெயர். அதில் ‘ஓஹோஸ் அஸீ’ என்று ஒரு பாட்டு இருக்கிறது, ‘இப்படிப்பட்ட கண்கள்’ என்று பொருள். பஹ்ரைனிலிருந்து பெய்ரூட் வரை தேடியும் உன்னுடையதைப் போன்ற கண்களைக் காணவில்லை என்கிறது பாட்டு. நடுவில் அரபு வரிகள் வரும். கொலம்பியப் பெண், ஸ்பானியப் பாட்டு, லெபனானியத் தாளம் என்று மூன்றும் அதில் ஏற்கெனவே கூடியிருந்தன. 1999-இல் நாவலாசிரியர் கப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் இந்த இளம்பெண்ணைப் பற்றி வியந்து ஒரு கட்டுரை எழுதினார். அவரும் அதே கரீபியக் கரைக்காரர், இளமையில் பரான்கீயாவில் பத்திரிகையாளராக இருந்தவர்.

1999: திறந்த கதவு

அந்த ஆண்டு பிப்ரவரியில் கிராமி விருது மேடையில் புவேர்ட்டோ ரிக்கோவின் ரிக்கி மார்ட்டின் பாடினார். அரங்கம் எழுந்து நின்றது. மே மாதம் அவருடைய ஆங்கிலப் பாட்டு ஹாட் 100-இன் உச்சியில் இருந்தது. அடுத்தடுத்து ஜெனிஃபர் லோபஸ், என்ரிகே இக்லேசியாஸ், மார்க் அந்தோனி. பத்திரிகைகள் இதற்கு ‘லத்தீன் வெடிப்பு’ என்று பெயர் சூட்டின.

வெடிப்பு என்றால் தானாக நடந்தது போலத் தோன்றும். இதில் லோபஸும் அந்தோனியும் நியூயார்க்கில் பிறந்தவர்கள். ரிக்கி பிறந்த புவேர்ட்டோ ரிக்கோ அமெரிக்க ஆட்சிக்கு உட்பட்ட தீவு, அங்கே பிறப்பவர்கள் அமெரிக்கக் குடிமக்கள். இந்த மூவரும் சோனி குழுமத்தின் கலைஞர்கள். லத்தீன் பிரிவையும் ஆங்கிலப் பிரிவையும் கையில் வைத்திருந்த ஒரு நிறுவனம், நடுவில் இருந்த மேம்பாலத்தில் ஆள் வைத்து மூட்டை ஏற்ற முடிவு செய்தது. அதைத்தான் வெடிப்பு என்றார்கள். திறமை இல்லாமல் இது நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. திறமை முன்னாலும் இருந்தது, கூலி கொடுக்க ஆள் இப்போதுதான் வந்தார் என்கிறேன்.

இந்தப் பாலத்தை முன்பே கடந்தவர் ஒருவர் உண்டு. ஹவானாவில் பிறந்து, குழந்தையாக மயாமிக்கு வந்த குளோரியா எஸ்டெஃபான். 1985-இல் அவர் குழு ‘காங்கா’ என்ற பாட்டைக் கொண்டுபோனபோது, அமெரிக்கர்களுக்கு இது அளவுக்கு மீறி லத்தீன், லத்தீன்காரர்களுக்கு அளவுக்கு மீறி அமெரிக்கம் என்று சொன்னார்களாம். 1986 தொடக்கத்தில் அது ஹாட் 100-இல் 10-ஆம் இடம் பிடித்தது. அவருடைய கணவர் எமிலியோ எஸ்டெஃபான்தான் ‘திருடர்கள் எங்கே?’ தொகுப்புக்குப் பின்னால் நின்றவர். ஆங்கிலத்தில் பாடு என்று ஷகீராவை ஊக்கியவர் குளோரியா. ‘ஓஹோஸ் அஸீ’யை அவரே ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினார்.

ஷகீரா தயங்கினார். பிறர் எழுதிய ஆங்கில வரியைப் பாடுவது அவருக்கு எளிதாக இருந்திருக்கும். முதல் இரண்டு தொகுப்புகளின் பாடம் நினைவில் இருந்ததோ என்னவோ, தானே எழுத வேண்டும் என்று உட்கார்ந்தார். அகராதியும் எதுகை அகராதியும் வாங்கினார். அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனையும் கனடாவின் பாடகர்-கவிஞர் லியோனார்ட் கோஹனையும் படித்தார்.

ஒரே பாட்டு, இரண்டு ரயில்

2001-இல் வந்த ‘லாண்டரி சர்வீஸ்’ தொகுப்பை இந்த இடத்தில் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். அதிலிருந்து முதலில் தனியாக வெளியான பாட்டு ஆங்கிலத்தில் ‘வென்எவர், வேர்எவர்’. அதே மெட்டு ஸ்பானிய மொழியில் ‘சுவெர்த்தே’, அதாவது ‘அதிர்ஷ்டம்’. இரண்டும் ஒரே தொகுப்பில் இடம்பெற்றன. கிதார் கலைஞர் டிம் மிச்செலோடு சேர்ந்து அமைத்த மெட்டு அது. ஆங்கில வரிகளில் குளோரியாவும் துணை நின்றார்.

பாட்டு தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைமக்களின் குழலோடும் சராங்கோவோடும் தொடங்குகிறது. சராங்கோ ஒரு கைக்குழந்தை அளவுள்ள நரம்பு வாத்தியம். இதை மாற்றவே இல்லை. தாளத்தையும் மாற்றவில்லை. மாறியது சொல்.

ஸ்பானிய வடிவத்தின் முதல் வரி, ‘நீ தெற்கில் பிறந்தது என் அதிர்ஷ்டம்’ என்கிற பொருளில் தொடங்கி, தூரத்தை நாம் ஏமாற்றுவோம் என்று போகிறது. ஆங்கில வடிவத்தில் அதே இடத்தில் ‘நீ அவ்வளவு தொலைவில் பிறந்தது அதிர்ஷ்டம்’ என்று வருகிறது. ‘தெற்கு’ என்ற சொல் ‘தொலைவு’ ஆகிவிட்டது. ஏன் என்று யோசித்துப் பாருங்கள். தென்னமெரிக்கக் காதுக்குத் ‘தெற்கு’ என்பது வீடு. அமெரிக்கக் காதுக்கு ‘தெற்கு’ என்றால் அலபாமாவும் மிசிசிப்பியும் நினைவுக்கு வரும். சொல்லை அப்படியே பெயர்த்திருந்தால் பொருள் தப்பிப் போயிருக்கும். இதை மொழிபெயர்ப்பு என்று சொல்வதைவிட, அதே உணர்வை வேறொரு காதுக்கு மறுபடி எழுதியது என்பதே சரி. ஆங்கிலத்துக்குப் புதியவர் ஒருவர் செய்த வேலை இது. அந்த வரிகளைக் கேலி செய்த ஆங்கில விமர்சகர்களும் இருந்தார்கள். அந்த விநோதமான படிமங்களை அவர் ஸ்பானிய மொழியிலும் அப்படித்தான் எழுதினார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

நடந்தது என்ன? ஆங்கில நிலையங்கள் ஆங்கில வடிவத்தை எடுத்துக்கொண்டன, அது ஹாட் 100-இல் 6-ஆம் இடம் பிடித்தது. ஸ்பானிய நிலையங்கள் ‘சுவெர்த்தே’யை எடுத்துக்கொண்டன, அது லத்தீன் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஒரே அரிசி, இரண்டு மூட்டை, இரண்டு பாதை. தொகுப்பு உலகெங்கும் ஒரு கோடிக்கும் மேல் விற்றது.

ஷகீராவின் கருங்கூந்தல் பொன்னிறமானது. பழைய ரசிகர்களில் பலர் வருந்தினார்கள், ‘விலைபோய்விட்டார்’ என்றும் சொன்னார்கள். கூந்தலைப் பார்த்தவர்களின் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் காதால் கேட்டால் அந்தத் தொகுப்பில் டாங்கோ இருக்கிறது, ஆண்டிஸ் குழல் இருக்கிறது, அரபுத் தாளம் இருக்கிறது. ‘ஓஹோஸ் அஸீ’யின் ஆங்கில வடிவமும் இருக்கிறது.

இங்கே ஒரு சுருக்கம். கிராஸ்ஓவருக்கு மூன்று வேலைகள் தேவைப்பட்டன: நிறுவனம் பிரிவு மாற்றிப் பணம் போடுவது, ஆங்கில வானொலிக்கு ஒரு வடிவம் தயாரிப்பது, பழைய வானொலியைக் கைவிடாமல் அதற்கும் ஒரு வடிவம் கொடுப்பது. மூன்றாவதைத்தான் பலர் கவனிப்பதில்லை.

திரும்பி வந்த பாதை

ஆங்கிலத்தில் வென்றவர் அதிலேயே தொடர்வார் என்று எதிர்பார்த்தார்கள். 2005-இல் ஷகீரா முதலில் வெளியிட்டது முழு ஸ்பானியத் தொகுப்பு. அதில் ஸ்பெயின் பாடகர் அலெஹாந்த்ரோ சான்ஸோடு பாடிய ‘லா தொர்த்தூரா’ லத்தீன் பட்டியலின் உச்சியில் 25 வாரங்கள் இருந்தது. ஆங்கில வடிவம் எதுவும் செய்யாமலேயே ஹாட் 100-இல் 23-ஆம் இடம் வரை போனது. அந்த ஆண்டு எம்டிவி விருது மேடையிலும் அதை ஸ்பானிய மொழியிலேயே பாடினார்.

2006-இல் ஹைட்டியில் பிறந்த வைக்ளிஃப் ஜானோடு பாடிய ‘ஹிப்ஸ் டோன்ட் லை’ ஹாட் 100-இல் முதலிடத்தைப் பிடித்தது. கொலம்பியக் கலைஞர் ஒருவருக்கு அதுதான் முதல் முறை. அந்தப் பாட்டை ஒருமுறை காது கொடுத்துக் கேளுங்கள். ஆங்கில வரிகளுக்கு நடுவே திடீரென ஸ்பானிய மொழிக்குத் தாவி, பரான்கீயாவில் இப்படித்தான் ஆடுவார்கள் என்கிறார். ஊர்ப் பெயரைச் சொல்லியே சொல்கிறார். ஒரு துறைமுக ஊரின் பெயர் அமெரிக்காவின் முதல் நிலைப் பாட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

‘வாக்கா வாக்கா’வின் பல்லவியும் இப்படி எங்கிருந்தோ வந்ததுதான். கேமரூன் நாட்டின் கோல்டன் சவுண்ட்ஸ் குழு 1986-இல் பாடிய பாட்டு அதன் வேர். பாட்டைக் கொண்டாடும்போது அந்தக் குழுவின் பெயரையும் சேர்த்துச் சொல்வது நியாயம்.

பாதை ஒன்றான பிறகு

2012 அக்டோபரில் பில்போர்ட் தன் லத்தீன் பட்டியலைக் கணக்கிடும் முறையை மாற்றியது. அதுவரை ஸ்பானிய வானொலிகளின் ஒலிபரப்பு மட்டுமே கணக்கு. அதன் பிறகு இணையத்தில் கேட்பதும் வாங்குவதும் சேர்ந்தன. 2013 பிப்ரவரியில் யூடியூப் பார்வைகள் ஹாட் 100-க்குள் வந்தன. இணையத்தில் பாட்டைச் சேமிக்காமல் நேரடியாகக் கேட்பதற்கு ஸ்ட்ரீமிங் என்று பெயர். இதில் நிலைய மேலாளர் என்று ஒருவர் நடுவில் இல்லை. கேட்பவர் விரல் வைத்தால் பாட்டு கணக்கில் ஏறும், அது எந்த மொழியாக இருந்தாலும்.

தண்டவாளங்கள் ஒரே அளவாகிவிட்டால் மூட்டை மாற்றும் வேலை குறையும். 2017-இல் ‘தெஸ்பசீத்தோ’ என்ற ஸ்பானியப் பாட்டு 16 வாரங்கள் ஹாட் 100-இன் உச்சியில் இருந்தது. அதற்கு ஜஸ்டின் பீபர் சேர்ந்த மறுவடிவம் உதவியது என்பதால், பழைய மேம்பாலம் முழுக்க இடிந்துவிடவில்லை என்றும் சொல்லலாம். 2020-இல் புவேர்ட்டோ ரிக்கோவின் பேட் பன்னி வெளியிட்ட தொகுப்பு, முழுக்க ஸ்பானிய மொழியில் இருந்து அமெரிக்கத் தொகுப்புப் பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் தொகுப்பு ஆனது.

ஷகீராவும் இந்தப் புதிய பாதையில் வந்து சேர்ந்தார். 2023 ஜனவரியில் அர்ஜென்டினாவின் இளம் இசைத் தயாரிப்பாளர் பிசாராப்போடு ஒரு பாட்டு வெளியிட்டார். வாழ்க்கைத் துணையைப் பிரிந்த கோபத்தை நேருக்கு நேர் சொல்லும் பாட்டு. பெண்கள் இனி அழுவதில்லை, கணக்குப் போட்டு வசூலிக்கிறார்கள் என்கிற அதன் வரி ஸ்பானிய உலகத்தில் பழமொழிபோல ஆகிவிட்டது. ஆங்கில வடிவம் தயாரிக்கவில்லை. தெற்கைத் தொலைவாக மாற்றவும் இல்லை. அது ஹாட் 100-இல் 9-ஆம் இடம் பிடித்தது. மார்ச் மாதம் நியூயார்க்கின் இரவு நேரத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றுக்கு அவரை அழைத்தார்கள். எதுகை அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஆங்கிலம் எழுதிப் பழகிய காலம் கழிந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. மேடையேறி, முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை ஸ்பானிய மொழியில் பாடிவிட்டு இறங்கினார்.